தாளும் தகடும்: ஒரு 1961 ஜாகுவார் இ-டைப்பின் உரிமையாளர்களைத் தேடியபோது

என் மைத்துனர் வாங்க விரும்பியது, 1961-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள பிரவுன்ஸ் லேன் ஆலையிலிருந்து வெளிவந்த, மடக்குக் கூரை கொண்ட ஜாகுவார் இ-டைப் கார். இ-டைப் என்ற பெயருக்காகவே ஒரு காரை அரியது என்று சொல்லிவிட முடியாது. எல்லா வகைகளையும் சேர்த்தால் 72,000-க்கும் மேற்பட்டவை தயாராகியிருக்கின்றன. ஆனால் அந்த முதல் ஆண்டில், பானட்டின் பூட்டு வெளிப்புறத்தில் அமைந்து, 'டி' வடிவச் சாவியைச் செருகித் திறக்க வேண்டியதாக இருந்தவை ஏறத்தாழ 500 மட்டுமே. காலடித் தகடு பள்ளமில்லாமல் தட்டையாக அமைந்த கார்களும் 1962-இன் தொடக்கத்தோடு நின்றுவிட்டன. இவ்விரு அடையாளங்களும் உள்ள கார் மற்ற இ-டைப்புகளைவிட வெகு அதிக விலைக்குப் போகும் என்பதால், அதன் பழைய கதையை அழகுபடுத்திச் சொல்லும் ஆசையும் விற்பவர்களுக்கு அதிகம். பணம் அவருடையது, தாள்களைப் புரட்டும் பொறுமை என்னுடையது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

விற்பவர் தந்த ஃபைல் பார்வைக்குக் கனமானதாகவே இருந்தது. பதிவுத் தாள், தகுதிச் சோதனைச் சான்றுகள், பழுதுபார்த்த பில்கள், ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் அறக்கட்டளை தந்த சான்றிதழ், சில பழைய புகைப்படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டச்சு செய்த ஒரு பக்க 'வரலாறு' ஆகியவை அதில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு பெண்மணியிடம் 1961 முதல் 1989 வரை இருந்த கார் என்றும், பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது என்றும், எஞ்சின் உட்பட எல்லா எண்களும் ஆலைப் பதிவோடு பொருந்துகின்றன என்றும் அந்தப் பக்கம் சொல்லியது. அதில் யார் எழுதியது என்ற பெயரும் இல்லை, தேதியும் இல்லை. கையொப்பமில்லாத இத்தகைய பக்கத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைத் தாங்கும் தாள் எது என்று எழுதத் தொடங்கினேன். எதிர்ப்பக்கம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது.

பிரிட்டனின் பதிவுத் தாளான வி5சி-யிலிருந்து தொடங்குவதே முறை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருந்தாலே வண்டி அவருடையது என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்: வி5சி-யில் இருப்பது வண்டியை வைத்திருந்து அதற்குப் பொறுப்பேற்பவரின் பெயர் மட்டுமே, அது உரிமைக்குச் சான்றாகாது என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே வி5சி-களின் வரிசை நமக்குக் காட்டுவது காரை யார் வைத்திருந்தார்கள் என்பதை மட்டுமே. யார் யாருக்கு விற்றார்கள், விற்க அவர்களுக்கு உரிமை இருந்ததா என்பதற்கு விற்பனை ரசீதும் உயிலும் நீதிமன்ற உத்தரவும்தான் வேண்டும். உரிமை வரலாறு என்ற பெயரில் சந்தையில் புழங்குவதில் பெரும்பகுதி, உண்மையில் வைத்திருந்தவர்களின் வரலாறுதான்.

பிரிட்டனிலேயே முதலில் விற்கப்பட்ட கார்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1904 முதல் வாகனப் பதிவை அந்தந்த மாவட்ட, நகர மன்றங்களே வைத்திருந்தன. 1974 அக்டோபரிலிருந்து புதிய வண்டிகளின் பதிவு ஸ்வான்சீயிலுள்ள மைய அலுவலகத்துக்கு மாறியது. பழைய வண்டிகளின் விவரங்களைக் கணினிக்குக் கொண்டுவர 1983 நவம்பர் 30 இறுதி நாளாக வைக்கப்பட்டது. மன்றங்களின் பேரேடுகள் சில ஆவணக் காப்பகங்களுக்கும், பழைய வாகன ஆவணங்களைக் காக்கும் கிட்ஹெட் அறக்கட்டளைக்கும் வந்து சேர்ந்தன, பல அழிந்தன. எந்த மாவட்டம் எண்ணை வழங்கியதோ அந்த மாவட்டத்தின் பேரேடு பிழைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே முதல் உரிமையாளர் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அமையும்.

எங்கள் காருக்கு அந்தக் கவலை இல்லை, ஏனெனில் அது 1961-இல் பிரிட்டனில் பதிவாகவே இல்லை. இதை நான் அறிந்தது எண் பலகையிலிருந்து அல்ல, வி5சி-யிலிருந்துதான். மூன்று எழுத்தும் மூன்று இலக்கமுமாகப் பலகை அச்சு அசலாக அந்தக் காலத்து எண் போலவே இருந்தது. ஆனால் பழைய கார் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரும்போது, அதன் வயதுக்கேற்ற பயன்படுத்தப்படாத பழைய எண் ஒன்றை அரசே வழங்குவது அங்கு வழக்கம், அதை வேறு வண்டிக்கு மாற்றவும் முடியாது. எங்கள் காரின் தாளில் பிரிட்டனில் முதல் பதிவு 1990 என்றே இருந்தது. பழைய எண் பலகையைப் பார்த்துப் பழைய பிரிட்டிஷ் கார் என்று நம்பிவிடுவதற்கு முன், இந்தத் தேதியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பதிவு அலுவலகத்திடம் வி888 என்ற படிவத்தில் முந்தைய விவரங்களைக் கேட்கலாம் என்றாலும், தனிநபர் தகவல் காப்புச் சட்டத்தின் காரணமாக, பழைய பெயர்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டே வருகின்றன. 1990-க்குப் பிந்தைய வரிசையை நான் தகுதிச் சோதனைச் சான்றுகளையும் பில்களையும் தேதி வாரியாக அடுக்கித்தான் கட்டினேன். அவற்றில் பதிவான மைல் கணக்கு எங்கும் பின்னோக்கிப் போகவில்லை. அந்தப் பகுதியைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தாள்களை மேலும் துருவுவதற்கு முன், தாள்கள் பேசும் கார் இதுதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஹெரிட்டேஜ் சான்றிதழ் ஆலையின் பேரேட்டைப் பார்த்து எழுதப்படுவது. சேசிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் எண்களையும், நிறத்தையும், கார் தயாராகி அனுப்பப்பட்ட தேதிகளையும், விநியோகஸ்தரையும் அது சொல்லும். எங்கள் காரின் விநியோகஸ்தர் லாஸ் ஏஞ்சலீஸின் ஹார்ன்பர்க். சேசிஸ் எண் 875 என்று தொடங்கியது, அதாவது இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட மடக்குக் கூரைக் கார். இப்போது ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. அதில் மோசடி ஒன்றுமில்லை, 1980-களின் இறுதியில் விலை ஏறியபோது அமெரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றுக்கணக்கான கார்கள் அப்படி மாற்றப்பட்டன. ஆனால் சான்றிதழ் பேசுவது ஆலையை விட்டு வெளியேறிய காரைப் பற்றி மட்டும்தான். நம் முன்னால் நிற்கும் காரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை என் மைத்துனருக்குப் புரியவைக்கத்தான் சற்று நேரமாயிற்று. "எண் எல்லாம் பொருந்துதே அத்தான், இன்னும் என்ன?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இ-டைப்பின் கட்டுமானத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்கான விடை தெரியும். ஆள் அமரும் பகுதியும் பின்பகுதியும் தகட்டால் ஆன ஒரே கூடு. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் முன்பகுதியோ, சதுரக் குழாய்களை இணைத்துச் செய்து, அந்தக் கூட்டோடு போல்ட் போட்டு முடுக்கிய தனிச் சட்டங்கள். சேசிஸ் எண் பஞ்ச் அடிக்கப்பட்டிருப்பது அந்த முன்சட்டத்தில்தான். அதாவது காரின் அடையாளத்தையே ஸ்பானர் கொண்டு கழற்றி எடுத்துவிடலாம். அந்தக் குழாய்கள் துருப்பிடிப்பதும் விரிசல் விடுவதும் சகஜம் என்பதால், புதிய சட்டம் போட்டு அதில் பழைய எண்ணையே மீண்டும் அடிப்பது நேர்மையான பட்டறைகளிலும் நடக்கும் வேலைதான். எண்ணுள்ள பழைய சட்டத்தை வேறொரு கூட்டில் பொருத்தி, இல்லாத கார் ஒன்றை உயிர்ப்பிப்பவர்களும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பட்டறையில் காரை லிஃப்டில் ஏற்றி, எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து சேசிஸ் பிரிண்ட் எடுத்தோம். எழுத்துகள் கூர்மையாக, ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் பதிந்தன. அறுபது ஆண்டுப் பெயிண்ட்டுக்கும் துருவுக்கும் அடியில் கிடந்த எண் அப்படிப் பதியாது. ஆகவே முன்சட்டம் புதியது என்ற முடிவோடு பில்களுக்குத் திரும்பினேன். 1990-இன் புதுப்பிப்புப் பில்லில், நடுப்பக்கத்தில், புதிய முன்சட்டத்துக்கான ஒரு வரி இருந்தது. விற்பவர் அந்தப் பில்லை எங்களிடம் மறைக்கவில்லை, அவரும் அதை முழுதாகப் படித்ததில்லை என்பதுதான் உண்மை. இனி கூடு பழையதுதானா என்பதே கேள்வி. பாடி எண் தகடு சான்றிதழோடு பொருந்தியது, ஆனால் தகட்டையும் ரிவெட் எடுத்து மாற்றலாம். எனவே இருக்கைக்குப் பின்னாலிருந்த உறைப் பலகையைக் கழற்றச் சொன்னேன். ஒட்டியிருந்த பஞ்சு தூளாக உதிர்ந்தது. பலகையின் பின்புறத்தில், சாக்கட்டியால் சாய்வாகக் கிறுக்கிய அதே பாடி எண் இருந்தது. அதையடுத்து, தகட்டின் மடிப்பில் சிவப்புப் பெயிண்ட்டுக்கு அடியில் சாம்பல் கலந்த நீலம் ஒரு கோடாகத் தெரிந்தது. சான்றிதழ் சொன்ன நிறமும் நீலம்தான். தகட்டை மாற்றத் துணிந்தவர்களும் யாரும் கழற்றிப் பார்க்காத பலகையின் முதுகில் எழுத மெனக்கெடுவது அரிது என்பதால், இந்தச் சாக்கட்டிக் கிறுக்கலை நான் மற்ற எல்லா முத்திரைகளையும்விட மேலாக மதித்தேன்.

எஞ்சினில் எண் இரண்டு இடங்களில் இருக்கும்: எண்ணெய் வடிகட்டிக்கு மேலே, எஞ்சினின் உடலான பிளாக்கில் ஒன்று, சிலிண்டர் ஹெட்டின் முன்புறத்தில் ஒன்று. ஹெட்டில் இருந்த இலக்கங்கள் ஏற்ற இறக்கமாக, ஒன்று ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும், ஆலையில் கையால் அடித்தது தெளிவாகத் தெரியும்படி இருந்தன. பிளாக்கில் அதே எண்தான் இருந்தது, ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது எண்ணைச் சுற்றிய பரப்பில் அரம் தேய்த்த நுண்கோடுகள் பளிச்சிட்டன. அங்கே முன்பு வேறு எண் இருந்திருக்கிறது. இதற்கான விடை 1972-இல் கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட, எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறைப் பில்லில் கிடைத்தது: விரிசல் விட்ட பிளாக்கை எடுத்துவிட்டு, பயன்படுத்திய பிளாக் ஒன்றைப் போட்டதாக அதில் இருந்தது. பிளாக்கை மாற்றியது நியாயமான பழுதுபார்ப்பு. பிற்பாடு யாரோ அதன் எண்ணைத் தேய்த்து, ஆலை எண்ணை அடித்ததை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அந்த 1972 பில்தான் உரிமை வரலாற்றின் பூட்டையும் திறந்தது. அதில் சேசிஸ் எண்ணும், கலிஃபோர்னியாப் பதிவு எண்ணும், வாடிக்கையாளர் பெயரும் சேர்ந்தே இருந்தன. பெயர் ஓர் ஆணுடையது. 'ஒரே பெண்மணி' என்ற வாக்கியம் அங்கேயே விழுந்துவிட்டது. ஃபைலிலிருந்த புகைப்படங்களில் ஒன்றின் அடியில் 'முதல் உரிமையாளருடன், 1961' என்று எழுதியிருந்தது. படத்திலிருந்த எண் பலகை கறுப்பு நிறம், எழுத்துகள் மஞ்சள். கலிஃபோர்னியாவில் 1956 முதல் புழக்கத்தில் இருந்தது மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வந்தது 1963-இல். ஆகவே படம் 1963-க்கு முற்பட்டதாக இருக்கவே முடியாது. அங்கே பலகை சாதாரணமாகக் காரோடேயே தங்குவதால், படத்திலிருந்த எண் 1972 பில்லின் எண்ணோடு பொருந்தியதும், படத்தில் இருப்பது இதே கார்தான் என்பது உறுதியாயிற்று. ஆனால் அதில் சாய்ந்து நிற்கும் மனிதர் முதல் உரிமையாளர் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பழைய படத்தில் முகங்களைப் பார்ப்பதற்கு முன் பலகை, பின்னணிக் கார்கள், அச்சுத் தாளின் பின்புற முத்திரை ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது; படத்தின் கீழே எழுதியவரின் நினைவைவிட அவை நம்பத்தக்கவை.

முதல் உரிமையாளரின் பெயர் காரோடு வந்த சர்வீஸ் வவுச்சர் புத்தகத்தில், சேசிஸ் எண்ணோடு மையால் எழுதப்பட்டிருந்தது. கடைசி வவுச்சர் 1966. அதற்குப் பிறகு நம் கைக்கு வரும் தாள் 1971-ஆம் ஆண்டின் 'பிங்க் ஸ்லிப்', அதாவது கலிஃபோர்னியாவின் உரிமைச் சான்று, அதுவும் நகல்தான். அதிலிருந்த பெயரும் 1972 பில்லின் பெயரும் ஒன்று. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை. அரசு வாகனத் துறையிடம் கேட்கலாம் என்றால், ஓட்டுநர்களின் தனிநபர் விவரங்களைக் காக்கும் 1994-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆர்வலர்களுக்குப் பழைய பெயர்களைத் தருவதை அது அனுமதிப்பதில்லை.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது 1989. காரை ஏற்றுமதி செய்தவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட விற்பனை ரசீதில் ஒரு பெண்ணின் கையொப்பம் இருந்தது, 1971-இன் ஆண் உரிமையாளரின் குடும்பப் பெயரோடு. அவர் மனைவியா, மகளா, வாரிசுகளில் ஒருவர் மட்டுமா? தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குத் தர முடியாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படை. அன்று விற்றவருக்கு முழு உரிமை இல்லையென்றால், அதற்குப் பின் நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் அனைவரும் வழக்கின் நிழலில் நிற்க நேரலாம். இது வெறும் அச்சமல்ல. 1954-இன் ஃபெராரி 375 பிளஸ் ஒன்று அமெரிக்காவின் ஓஹையோவில் அதன் உரிமையாளரிடமிருந்து திருடப்பட்டு பெல்ஜியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யாருக்குச் சொந்தம் என்ற பூசல் பல ஆண்டுகள் இழுத்து, உரிமை கோரியவர்கள் உடன்பாட்டுக்கு வந்து 2014-இல் ஏலத்தில் விற்ற பிறகும் வழக்குகள் ஓயவில்லை.

நல்வாய்ப்பாக, அங்கே உயில் தொடர்பான நீதிமன்றக் கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்குரியவை. உரிமையாளரின் பெயரையும் உத்தேச ஆண்டுகளையும் தந்து, கட்டணம் செலுத்தி, நகல் கேட்டேன். சொத்துப் பட்டியலில், வீட்டுத் தளவாடங்களுக்கும் ஒரு படகுக்கும் இடையில், 1961 ஜாகுவார் என்ற வரி சேசிஸ் எண்ணோடு இருந்தது. பங்கீட்டு உத்தரவு அதை மகளுக்கு ஒதுக்கியிருந்தது. ரசீதில் கையொப்பமிட்டவர் அந்த மகள்தான். கோப்பிலிருந்த வழக்கறிஞர் அலுவலகத்தின் வழியாக அவருக்கு ஒரு கடிதம் அனுப்பி, விருப்பமிருந்தால் மட்டும் பதில் எழுதுமாறு வேண்டினேன். பழைய உரிமையாளர்களை நேரே தொலைபேசியில் அழைப்பதைவிட இதுவே மரியாதை; பதிலும் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். அவர் சுருக்கமாக எழுதினார்: படத்தில் இருப்பவர் தன் தந்தை, காரை வேறு ஒருவரிடமிருந்து பழையதாகவே வாங்கினார், யாரிடமிருந்து என்று தனக்குத் தெரியாது. ஒரே பெண்மணியின் கதை எப்படிப் பிறந்தது என்பதும் விளங்கிவிட்டது. ஏற்றுமதி செய்தவர் ஒரு பெண்ணிடமிருந்து வாங்கினார். அடுத்தவர் அதைப் பெண் உரிமையாளர் என்றார். அதற்கடுத்தவர் முதல் நாளிலிருந்து என்று சேர்த்துக்கொண்டார். யாரும் துணிந்து பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பாகங்கள் மாறிய கார் அதே கார்தானா என்ற கேள்விக்கு, இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 1990-இல் ஒரு விடை சொல்லியிருக்கிறது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி, 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீயின் உயிரைப் பறித்த விபத்துக்குப் பின் மூடிய கூபேயாக மறு உருவம் பெற்றது. பல மாற்றங்களைக் கண்ட அந்தக் காரை ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர், இது அந்தக் கார் அல்ல என்று மறுத்தார். பந்தயம் வென்ற நாளின் உலோகத்தில் சிறிதளவே எஞ்சியிருந்தாலும், நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். அந்தக் கார் எந்தக் கட்டத்திலும் ஒரேயடியாகக் கலைந்து மறைந்துவிடவில்லை, மாற்றங்களினூடே தொடர்ச்சியாக ஒரே காராக வாழ்ந்து வந்திருக்கிறது, ஒவ்வொரு கட்டமும் அறியப்பட்டதாக இருக்கிறது என்பதே அதன் சாரம். எங்கள் காரின் புதிய முன்சட்டத்தையும் மாற்றிய பிளாக்கையும் நான் இந்த அளவுகோலால்தான் எடைபோட்டேன். எது, எப்போது மாறியது என்பதற்குத் தாள் இருக்கும்வரை மாற்றம் குறையாகாது.

விற்பவரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தோம். பிளாக் ஆலையில் பொருத்தியதல்ல, முன்சட்டம் 1990-இல் மாற்றப்பட்டது, ஸ்டியரிங் பக்கம் மாறியது, அறியப்பட்ட அமெரிக்க உரிமையாளர்கள் குறைந்தது மூவர் ஆகியவை விற்பனை ஒப்பந்தத்தின் விவரப் பகுதியிலேயே இடம்பெற்றன. முதலில் அவர் முகம் சுளித்தார். பிளாக்கின் பிரிண்ட்டையும் 1972 பில்லையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டியதும் விலையைக் குறைத்தார். உரிமை தமக்கே உரியது, கடன் எதுவும் அதன்மேல் இல்லை என்ற உறுதிமொழியையும், பிற்பாடு எவரேனும் உரிமை கோரினால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பையும் சேர்க்கச் சொன்னோம். 'எண்கள் பொருந்தும் கார்' என்ற சொல்லை அடித்துவிட்டு, எந்த எண் எதோடு பொருந்துகிறது என்று தனித்தனியாக எழுதினோம். காப்பீட்டு நிறுவனமும், இழப்பு நேர்ந்தால் தருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மதிப்பைத் தீர்மானிக்க அந்தப் பட்டியலையே கேட்டு வாங்கியது.

தட்டச்சு செய்த அந்த ஒரு பக்கத்தை நாங்கள் கிழித்துப் போடவில்லை. அதன் மேல் 'ஆதாரமற்றது, 1990-களில் எழுதப்பட்டிருக்கலாம்' என்று குறித்து ஃபைலின் கடைசியில் வைத்திருக்கிறோம், ஏனெனில் பின்னால் வருபவருக்கு அந்தக் கதை வேறு எங்காவது எதிர்ப்படும்போது அது எங்கிருந்து கிளம்பியது என்று தெரிய வேண்டும். 1966-க்கும் 1971-க்கும் இடைப்பட்ட வரியில் பெயர் எதுவும் இல்லை. அந்தப் பகுதியில் அக்காலத்து ஜாகுவார் கிளப்புகள் வெளியிட்ட உறுப்பினர் பட்டியல்களும் பந்தய நிகழ்ச்சிநிரல்களும் அவ்வப்போது பழைய புத்தக விற்பனையில் வருகின்றன; கறுப்புப் பலகையிலிருந்த அந்த எண்ணை வைத்துக்கொண்டு என் மைத்துனர் இப்போது அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.